சாய்ந்த கேபினுக்கு எத்தனை வாஷர்?

பள்ளிப்பட்டிலிருந்து நகரி போகும் வழியிலோ, பொதட்டூர்பேட்டை வழியாகத் திருத்தணி போகும் வழியிலோ ஒரு பழைய பிக்கப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், முந்த வழி கிடைக்கும்வரை அதன் முதுகைப் பார்ப்பதுதான் வேலை. நிலக்கடலை மூட்டை, மாங்காய்க் கூடை, விசைத்தறிக்குப் போகும் நூல் மூட்டை என்று சுமை மாறும். மாறாத ஒன்று உண்டு. தொட்டி நேராக இருக்கும். அதற்கு முன்னால் கேபின் மட்டும் டிரைவர் பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடும். கதவை இரண்டு முறை அறைந்து சாத்த வேண்டியிருக்கும். கியர் ராடு தரைத் தகட்டில் உரசும். கேட்டால், "ஒரு வாஷர் போட்டாப் போதும் சார், சரியாயிடும்" என்று பதில் வரும்.

சில சமயம் சரியாகத்தான் போகிறது. பல சமயம் ஆறு மாதத்தில் இன்னொரு வாஷர், அப்புறம் ஒரு டயர் துண்டு, அப்புறம் கேபின் மூலையில் ஒரு வெல்டிங் என்று போகிறது. கேபின் சாய்வது எளிய விஷயமாகத் தெரிந்தாலும், தரைக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே டயர், ஸ்பிரிங், சேஸ், ரப்பர் புஷ், கேபின் தகடு என்று ஐந்து அடுக்குகள் இருக்கின்றன. எது இறங்கினாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே சாய்வுதான். எந்த அடுக்கு இறங்கியது என்று தெரியாமல் போடும் வாஷர், காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் போடும் மாத்திரை.

மாருதி 800 போன்ற கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றே. 1986-இல் வந்த டாடா 407, இன்றைய மகிந்திரா பிக்கப் முதலியவற்றின் கட்டமைப்பு வேறு. இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், இதுதான் சேஸ். இன்ஜின், ஆக்சில், தொட்டி எல்லாம் அதன்மேல். கேபின் ஒரு தனிப் பெட்டி. நான்கோ ஆறோ இடங்களில் ரப்பர் புஷ் வைத்து, போல்ட் போட்டு, சேஸின்மேல் உட்கார வைக்கப்பட்டது. சேஸ் வளைந்து கொடுக்க வேண்டும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது முறுக்கிக்கொள்ளும், அப்படி முறுக்கிக்கொள்ளத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கேபினோ கண்ணாடியும் கதவும் உள்ள விறைப்பான பெட்டி. அந்த முறுக்கு அப்படியே மேலே போனால் கண்ணாடி விரிசல் விடும், கதவு திறந்துகொள்ளும். நடுவில் நின்று இரண்டையும் சமாதானப்படுத்துவது சில அங்குல அகலமுள்ள ரப்பர்.

முதலில் அளக்க வேண்டும். அளப்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, கேபினின் இரு பக்கமும் டேப் பிடித்து, "இந்தப் பக்கம் ஒரு இன்ச் கம்மி" என்று முடிவு கட்டுவார்கள். மழைநீர் வழிந்தோட வேண்டும் என்பதற்காகவே தார்ச்சாலை ஓரத்தை நோக்கிச் சரித்துப் போடப்படுகிறது. அந்தச் சரிவு சுமார் 2 சதவீதம். இரண்டு சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் என்றால், சாலையின் சரிவு மட்டுமே 28 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டும். ஒரு அங்குலத்துக்கும் மேல்! குறை வண்டியில் இல்லை, நின்ற இடத்தில்.

சமதளம் தேட விலை உயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் மட்டம் போதும். தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். நடுவில் குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் கவலையில்லை. உள்ளே காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு முனை பொய் சொல்லும். நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களை இப்படிப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து மட்டமாக்கிக்கொள்ளலாம். அதற்கு முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், தொட்டி காலியாக இருக்க வேண்டும். ரசமட்டத்தைக் கேபின் தரையில் வைப்பவர்களும் உண்டு. அந்தத் தகடே வளைந்திருக்கலாம் என்பதால் அதை நான் நம்புவதில்லை.

பிறகு மூன்று அளவுகள், இரு பக்கமும்: தரையிலிருந்து சேஸ், ஆக்சிலிலிருந்து சேஸ், சேஸிலிருந்து கேபின் அடி. முதல் இரண்டும் ஒரு பக்கம் குறைந்து மூன்றாவது சமமாக இருந்தால், குற்றவாளி ஸ்பிரிங். கேபினைத் தொடவே வேண்டாம். மூன்றாவது மட்டும் குறைந்தால் புஷ்ஷோ, அதைத் தாங்கும் பிராக்கெட்டோ, கேபின் தகடோ. டேப் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: கேபினும் தொட்டியும் சேர்ந்து சாய்ந்தால் கீழே பாருங்கள். கேபின் மட்டும் தொட்டியோடு பிணங்கி நின்றால் புஷ்ஷைப் பாருங்கள். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் பின்பக்க புஷ்கள் இறங்கியிருக்க வேண்டும், அல்லது கேபினுக்குப் பின்னால் சேஸே மடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது என்றால் செலவு பெரிது.

கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதை மட்டும் வைத்துக் கேபின் சாய்ந்ததாக முடிவு செய்யாதீர்கள். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். டக்கென்று ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. நூறு இருநூறு ரூபாயில் முடிகிற வேலைக்குக் கேபினைத் தூக்க வேண்டியதில்லை.

ஸ்பிரிங் விஷயத்தில், அதாவது அடுக்கடுக்கான பிளேட் கட்டு விஷயத்தில், நம் ஷெட்களில் வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு: "பிளேட் பழசாயிடுச்சு, இளகிப்போச்சு." எஃகு அப்படி இளகுவதில்லை. ஒரு கம்பியையோ பட்டையையோ வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அந்த உலோகத்தின் மீள்திறன் எண். எஃகுக்கு அது சுமார் 200 கிகாபாஸ்கல். புது பிளேட்டிலும் அதுதான், இருபது வருஷம் ஓடிய பிளேட்டிலும் அதுதான். ராபர்ட் ஹூக் 1678-இல் சொன்ன விதி, இழுவிசையும் நீட்சியும் ஒரே விகிதத்தில் வளரும் என்பது, பழைய பிளேட்டிலும் மாறாமல் நடக்கிறது. 100 கிலோ ஏற்றினால் புதுசு எவ்வளவு இறங்குமோ, பழசும் அவ்வளவே இறங்கும். மாறிப்போவது, சுமையே இல்லாதபோது பிளேட்டுக்கு இருக்கும் வளைவு. அளவு மீறிய சுமையோடு பள்ளத்தில் விழும்போது எஃகின் மேற்பரப்பு தாங்கும் எல்லையைக் கொஞ்சம் தாண்டும். அந்தக் கொஞ்சம் திரும்பி வராது. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு துளி. வருஷக்கணக்கில் சேர்ந்து வளைவு தட்டையாகிவிடும். ஆகவே வண்டி தாழ்ந்து நிற்கும், ஆனால் முன்பு போலவே விறைப்பாகத்தான் குலுக்கும். ஓட்டுபவர்கள் யோசித்துப் பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள்: பிளேட் இறங்கிய வண்டி மெத்தென்று ஓடுவதில்லை, ஆக்சில் போய் சேஸில் இடிக்கிறது. ஒரு பிளேட் உடைந்திருந்தால் வேறு கதை. அப்போது கட்டின் விறைப்பே குறையும்.

கொல்லன் பட்டறையில் பிளேட்டைக் கழற்றிச் சுத்தியால் தட்டி வளைவு ஏற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குளிர்நிலையில், பொறுமையாக, வரிசையாகத் தட்டினால் ஓரளவு நிற்கும். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் ஆலையில் கொடுத்த பதம் போய்விடும். திரும்ப எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, பிறகு அளவான சூட்டில் வைத்து எடுத்தால்தான் அது ஸ்பிரிங். இல்லாவிட்டால் வெறும் இரும்புப் பட்டை. அடுத்த அறுவடைக்குள் மறுபடி தட்டையாகும். மாற்றுவதென்றால் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

சுமையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்துக் கரும்பு திருவாலங்காட்டில் உள்ள கூட்டுறவு ஆலைக்குப் போகிறது. செங்கல், ஜல்லி, விறகு ஏற்றும் வண்டிகளும் நிறைய. ஒரு டன் எழுதியிருக்கும் வண்டியில் இரண்டு டன் ஏற்றுவது திறமை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தில் தப்பினாலும், பிளேட்டும் சேஸும் தங்கள் பங்கை வசூலித்துவிடும்.

இனி ரப்பர். கதையின் கனமான பகுதி இதுதான்.

சாய்ந்த கேபினிலிருந்து கழற்றிய புஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதிதாக இருந்தபோது உருளையாக, செங்குத்தாக இருந்த பக்கங்கள் வெளியே பிதுங்கியிருக்கும். மேல்முகத்தில் வாஷரின் வட்டம் பள்ளமாகப் பதிந்திருக்கும். ஒரு பக்கம் மற்றதைவிட மெலிந்திருக்கும்; சாய்ந்த பக்கம் அது. விளிம்பில் நகத்தால் அழுத்தினால் பதியாது, பிளாஸ்டிக் போல வழுக்கும். சுமைக்குக் குறுக்காக மெல்லிய வெடிப்புகள். நடுவில் ஓடும் இரும்புக் குழல் துருப்பிடித்து போல்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சுமையிலிருந்து விடுபட்டு ஒரு நாள் முழுக்க மேசையில் கிடந்தாலும் அது பழைய உயரத்துக்கு வராது. ஏன் வரவில்லை?

ரப்பர் என்பது நீண்ட நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தாறுமாறாகச் சுருண்டு கிடக்கும் பொருள். அப்படியே விட்டால் வெயிலில் ஒட்டும், குளிரில் நொறுங்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டார். 1844-இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே ஆங்காங்கே முடிச்சுப் போடுகிறது. அழுத்தினால் சங்கிலிகள் ஒழுங்குபடும்; விட்டால் பழைய தாறுமாறுக்கே திரும்பும். எஃகு திரும்புவது அணுக்களுக்கு இடையேயான பிணைப்பு இழுப்பதால். ரப்பர் திரும்புவது, ஒழுங்கைவிடக் கலைந்து கிடப்பதற்கு அதற்கு வழிகள் அதிகம் என்பதால். இதற்குச் சாட்சி வேண்டுமானால் ஒரு ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். இதை 1805-லேயே எழுதி வைத்தவர் ஜான் காஃப் என்ற பார்வையற்ற ஆங்கில அறிஞர். விரலைவிட உதடு நுட்பமாக உணரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கந்தக முடிச்சுகள் நிரந்தரமாக இருந்தால் புஷ் என்றென்றும் மீண்டுகொண்டே இருக்கும். ஆனால் சூட்டிலும் காற்றின் ஆக்சிஜனிலும் சில முடிச்சுகள் அவிழ்கின்றன, சில சங்கிலிகள் அறுகின்றன, அதே நேரத்தில் புதிய முடிச்சுகளும் விழுகின்றன. கவனிக்க வேண்டியது, அந்தப் புதிய முடிச்சுகள் விழும்போது ரப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்பது. அது கேபினின் அடியில் நசுங்கிய நிலையில் இருக்கிறது. எனவே புது முடிச்சுகளுக்கு அந்த நசுங்கிய வடிவமே சொந்த வடிவம். சுமையை எடுத்தவுடன் பழைய முடிச்சுகள் "மேலே போ" என்கின்றன, புதியவை "இங்கேயே இரு" என்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஓர் உயரத்தில் புஷ் நின்றுவிடுகிறது. இந்த இரட்டை வலை விளக்கத்தை 1946-இல் கொடுத்தவர்கள் ஆர்தர் டோபால்ஸ்கி என்ற அமெரிக்க வேதியியலாளரும் அவருடைய சகாக்களும்.

ரப்பர் ஆலைகளில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. மாதிரித் துண்டை 25 சதவீதம் நசுக்கிப் பிடித்து, 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் 22 மணி நேரம் வைத்து, விட்டுப் பார்ப்பார்கள். நசுக்கிய அளவில் எத்தனை சதவீதம் திரும்பவில்லை என்பதே அந்த ரப்பரின் மதிப்பெண். குறைவாக இருந்தால் நல்ல ரப்பர். கடையில் 80 ரூபாய்க்கும் 300 ரூபாய்க்கும் ஒரே அளவில் இரண்டு புஷ் கிடைத்தால், விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்த மதிப்பெண்ணில்தான் ஒளிந்திருக்கிறது. வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

சூடு இதில் பெரிய வில்லன். 10 டிகிரி ஏறினால் இத்தகைய வேதிமாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. அக்னி நட்சத்திரக் காலத்தில் வானிலை மையம் வாசிக்கும் பட்டியலில் திருத்தணியின் பெயர் 40 டிகிரிக்கு மேல் அடிக்கடி வருவது தெரிந்ததே. அது நிழலின் வெப்பம். தார்ச்சாலைக்கு மேலே, சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் புஷ்ஷின் வெப்பம் இதைவிட எவ்வளவோ அதிகம். மேலே டீசல் அல்லது ஆயில் கசிந்தால் இயற்கை ரப்பர் அதை உறிஞ்சி உப்பிப் பலமிழக்கும். டிரைவர் பக்க புஷ் முதலில் போவதற்கு ஓட்டுபவரின் எடை மட்டும் காரணமில்லை. அந்தப் பக்கக் கதவைத் திறந்து, படியில் மிதித்து ஏறி இறங்குவது நாள் முழுக்க நடக்கிறது. மறு பக்கத்தில் சில நாள் யாருமே உட்காருவதில்லை.

ரப்பர் என்றாலே பத்து வருஷத்தில் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1889-இல் ஒரு ரயில் பாலத்தின் அடியில் வைத்த இயற்கை ரப்பர் பட்டைகளை ஏறக்குறைய நூறாண்டு கழித்து எடுத்துப் பார்த்தபோது, மேற்பரப்பில் ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே கெட்டிருந்தது. ஆக்சிஜன் ரப்பருக்குள் மெதுவாகத்தான் ஊடுருவும். கனமான துண்டின் உள்ளே அது போய்ச் சேருவதற்குள் வெளித்தோல் அதை உண்டு தீர்த்துவிடும். நம் மேம்பாலங்களின் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் இடையே கறுப்பாகத் தெரியும் பட்டைகளும் இதே நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கேபின் புஷ் சிறியது, சூட்டில் கிடப்பது, நடுவில் துளை உள்ளது, எண்ணெய் படுவது. அதற்கு அந்த யோகம் இல்லை.

புஷ் தாழ்வதோடு நிற்பதில்லை, கெட்டியும் ஆகிறது. டிரைவரின் முதுகு உணர்வது இதைத்தான். கேபின் எடையில் ரப்பர் 5 மி.மீ அமுங்கினால், அந்தக் கேபின் இயல்பாக நொடிக்கு ஏறக்குறைய 7 முறை ஆடும். ரப்பர் நான்கு மடங்கு கெட்டியானால் அது 14 ஆகும். கீழிருந்து வரும் அதிர்வு இந்த எண்ணைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக இருந்தால்தான் ரப்பர் அதை வடிகட்டும். அதற்குக் கீழே வடிகட்டாது, சில இடங்களில் பெரிதாக்கியும் அனுப்பும். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங்கில் நிற்கும்போது நொடிக்கு சுமார் 27 முறை வெடிக்கிறது. கெட்டியான புஷ்ஷைக்கூட அது ஒருவாறு தாண்டிவிடும். இரண்டு சிலிண்டர் சிறு டீசலில் அதே சுற்றில் நொடிக்கு 13 முறைதான். கெட்டியான புஷ்ஷின் 14-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது! சிக்னலில் நிற்கும்போது மட்டும் கண்ணாடி நடுங்கி, ஆக்சிலேட்டர் மிதித்ததும் அடங்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு தோராயமானது, இன்ஜினுக்கும் தனியாக ரப்பர் உண்டு. ஆனாலும் கதையின் போக்கு இதுதான்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் பள்ளிப்பட்டுக் கட்டுரை முடியாது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் இந்தப் பக்கம் வந்துசேரும், தரைப்பாலங்கள் மூழ்கும். 2021 நவம்பரில் அப்படி மூழ்கியதை ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிகிறவரை பொறுக்காமல் வண்டியை இறக்கி ஓட்டுபவர்கள் உண்டு. வெள்ளம் வடிந்துவிடும், புஷ்ஷைச் சுற்றியுள்ள மடிப்புகளில் நுழைந்த சேறு வடியாது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அது வேலை செய்யும். கேபின் அடித்தகடு மில்லிமீட்டர் கணக்கில் மெல்லியது. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுவதால், அடுக்குத் தகடுகளைத் துரு உள்ளிருந்து பிளக்கும். கடைசியில் புஷ் நன்றாகவே இருக்கும். அதன்மேல் கேபின் தகடு உள்வாங்கி உட்கார்ந்திருக்கும். அப்போது புது புஷ் போட்டுப் பயனில்லை. ஒரு கனத்த ஸ்குரூ டிரைவரால் புஷ் இருக்கும் இடத்தைச் சுற்றி அழுத்திக் குத்திப் பாருங்கள். நொறுக்கென்று உள்ளே போனால் அது டிங்கர் வேலை: அழுகியதை வெட்டியெடுத்து, கனமான தகடு வைத்து வெல்ட் செய்ய வேண்டும். சேஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் மட்டும் வெல்டு வைக்கவோ துளை போடவோ விடாதீர்கள். வளைவின் பளுவில் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான். விரிசல் அங்கிருந்தே புறப்படும்.

இப்போது வாஷருக்கு வருவோம். மூன்று புள்ளிகளின்மேல் எந்தப் பலகையும் ஆடாமல் உட்காரும். நான்கு என்றால் ஒன்று எப்போதும் தகராறு. கேபின் விறைப்பான பெட்டி என்பதால், டிரைவர் பக்கப் பின் மூலையில் மட்டும் வாஷர் கொடுத்தால், அந்த மூலையும் அதற்கு நேர் எதிர் மூலையும் எடையை வாங்கிக்கொள்ளும். மற்ற இரண்டும் இலேசாகும். ஒரு மூலையைத் தூக்கினோம், சாய்வு போனது என்று திருப்தியாக இருக்கலாம். சில மாதத்தில் எதிர் மூலை புஷ் நசுங்கும், கண்ணாடி விளிம்பில் விரிசல் தெரியும். ஒரு மூலையில் மட்டும் புது புஷ் போடுவதும் இதே தவறுதான். புதியது உயரமாக, மெத்தென்று. பழைய மூன்றும் தாழ்ந்து, கெட்டியாக. குறைந்தபட்சம் முன் இரண்டு அல்லது பின் இரண்டைச் சேர்த்து மாற்ற வேண்டும். நான்கும் மாற்றினால் நிம்மதி.

கண்ணுக்குத் தெரியும் சாய்வை அப்படியே வாஷராக்குவது இன்னொரு பிழை. புஷ்கள் 70 செ.மீ இடைவெளியில் இருக்க, கேபின் 1.6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க புஷ் 5 மி.மீ இறங்கினாலே கேபினின் இரு ஓரங்களுக்கும் இடையே 11 மி.மீ வித்தியாசம் தெரியும். 11 மி.மீ தெரிகிறதே என்று 11 மி.மீ வாஷர் அடுக்கினால் கேபின் மறுபக்கம் சாயும். பள்ளிப்பட்டில் பார்த்த சில வண்டிகள் இடது பக்கம் சாய்ந்திருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் சந்தேகம்.

வாஷருக்கு உச்சவரம்பும் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் புஷ் இரண்டு பகுதி: மேலே உள்ளது எடையைத் தாங்கும், சேஸ் பிராக்கெட்டுக்குக் கீழே உள்ளது கேபின் துள்ளும்போது பிடித்து இழுக்கும். நடுவில் ஓடும் இரும்புக் குழலின் நீளம், நட்டை எவ்வளவு முடுக்கினாலும் ரப்பர் அளவாக நசுங்கும்படி பார்த்துக்கொள்கிறது. மேல் ரப்பருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வாஷர் கொடுத்தால், கீழ் ரப்பர் அந்த அளவுக்குக் கூடுதலாக நசுங்கும். 3 மி.மீ, 4 மி.மீ வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் கீழ் ரப்பர் பிதுங்கிக் கிழியும், அல்லது நட் குழலில் போய் அமராமல் தளரும். அதிகம் கேட்டால் புஷ்ஷை மாற்ற வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

டயர் துண்டை வெட்டிச் செருகுவது நம்மூர் வழக்கம். டயரும் ரப்பர்தானே என்பார்கள். டயருக்குள் நைலான் இழையோ எஃகுக் கம்பியோ அடுக்கடுக்காக ஓடுகிறது. வெட்டிய முனை வழியாக ஈரம் இழைக்குள் ஏறும், கம்பி துருப்பிடிக்கும். ஒரே டயரில் வெட்டிய இரு துண்டுகள் ஒரே கனம் இருக்காது. ஊர் போய்ச்சேர அவசரத்துக்கு வைத்தால் தவறில்லை. வைத்ததை மறந்துவிடுவதுதான் தவறு.

வேலையைச் செய்யும்போது ஒரு வரிசை இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றுவது முதல். ஸ்டீயரிங் பெட்டி சேஸில் இருக்கிறது, சக்கரம் கேபினில் இருக்கிறது. நடுவே உள்ள தண்டின் இணைப்பு, கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்கள், பிரேக் குழாய், கூலன்ட் ஹோஸ் எதுவும் கேபினைத் தூக்கும்போது இழுபடக் கூடாது. ஒரு பக்கத்துப் போல்டுகளைக் கழற்றி, மறுபக்கத்தை முழுக்கக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விட வேண்டும். துருப்பிடித்த போல்டுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டுவைத்தால் காலையில் பாதிச் சண்டை குறையும். ஜாக்கியை மெல்லிய அடித்தகட்டில் கொடுக்காமல், கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டி விளிம்பில், அகலமான மரப்பலகை வைத்துக் கொடுக்க வேண்டும். புஷ் வெளியே வருகிற அளவு தூக்கினால் போதும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே கையை விடாதீர்கள். கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கை. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே இருக்கும் சீல் வளையமும் பழைய ரப்பர்தான்.

புது புஷ் போட்டு, நான்கு நட்டையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, மறுபடி அதே மட்டமான இடத்தில் அளக்க வேண்டும். முதல் சில நாளில் புது ரப்பர் சற்றுத் தாழும். சுமையில் ரப்பர் தாழ்வது நேரத்தோடு நேர்க்கோட்டில் போவதில்லை. முதல் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவே எவ்வளவு தாழ்ந்ததோ, அடுத்த அவ்வளவு தாழ்வுக்கு ஏறக்குறைய நூறாம் நாள்வரை ஆகும். அதனால் முதல் வாரக் கடைசியில் ஒருமுறை நட்டுகளைப் பார்த்தால் பெரும்பகுதி தீர்ந்தது. சாவியில் நீளக் குழாய் செருகி ஆவேசமாக முடுக்குவது வேண்டாம். நட் குழலில் அமர்ந்த பிறகு கூடுதல் பலம் போல்டை இழுப்பதற்கே போகிறது.

இதற்கெல்லாம் சரியான நேரம் ஒன்று வருஷா வருஷம் வருகிறது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் ஷெட்டில் வழக்கமாக நடப்பது பெயின்ட் வேலை. சேஸுக்கு மேலிருந்து கீழ்வரை கறுப்பு அடித்துவிடுவார்கள். விரிசல், துரு, கசிந்த எண்ணெய், வெடித்த புஷ் எல்லாம் ஒரே கறுப்பில் மறையும். இந்த முறை பெயின்ட் டப்பா திறப்பதற்கு முன் வண்டியைக் கழுவச் சொல்லுங்கள். ட்யூப் மட்டம் பிடித்து அளந்து, கேபின் போல்டுகளைத் தளர்த்தி, நான்கு புஷ்ஷையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: புதுக் கறுப்பு அடித்த சேஸோடு நிற்கும் வண்டிக்கு, அடியில் படுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.